வீழ்ந்தவன் எழுந்த பாட்டு

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இன்று மாலை வேளைகளில் இருவகை இசை ஒலிக்கின்றது. கூடத்தில் பெரியவர்கள் கேட்கும் பழைய திரையிசையும் கருநாடக இசையும் ஒருவகை. உள்ளறையில் காதிலே கருவியை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் கேட்கும் இசை மற்றொரு வகை. இரண்டாம் வகை இசை பெரும்பாலும் நம் செவிக்கு எட்டுவதில்லை. எட்டிய சில வேளைகளில், இடி போன்ற முரசொலியும், இரும்பை அராவுவது போன்ற கிதார் ஒலியும், ஒருவன் மூச்சு விடாமல் ஏசுவது போன்ற பேச்சுமாகக் கலந்து வந்து விழுகின்றது. "இதுவும் ஒரு பாட்டா?" என்று நாம் கேட்கிறோம். "உங்களுக்குப் புரியாது" என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். பேச்சு அத்துடன் முடிந்து போகின்றது.

அப்பேச்சு அவ்வாறு முடிந்து போகாமல் சற்றுத் தொடர வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கு உதவியாக ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது, பாடியவர் யார், அதில் நம் வீட்டுப் பிள்ளைகள் எதைக் கேட்கிறார்கள் என்பவற்றை இயன்ற வரையில் எடுத்துரைக்க முயல்கிறேன். அப்பாட்டின் பெயர் 'சர்வைவல்'. அழிவுக்குத் தப்பி உயிரோடு எஞ்சி நிற்றல் என்பது அதன் பொருள். 2013-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அமெரிக்க நாட்டில் அது வெளிவந்தது. பாடியவர் எமினெம். அதற்கு இரண்டு திங்கள் முன்னரே, ஆகஸ்டில், ஒரு கணினி விளையாட்டின் விளம்பரப் படத்தில் அது முதன்முதலாக ஒலித்தது. நம் பிள்ளைகளிற் பலர் அதனை முதலில் கேட்டதும் விளையாட்டின் வாயிலாகத்தான்.

இரு அறைகளும் இடைச்சுவரும்

இவ்வகைப் பாட்டை 'ராப் ராக்' என்பர். ராப் என்பது தாளத்தின்மீது சொற்களை எதுகை பிறழாமல் அடுக்கி விரைந்துரைக்கும் கலை. 1970-களில் நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில் அது உருப்பெற்றது. அங்கு வாழ்ந்தவர்கள் வறிய கருப்பின மக்களும், வெளியிடங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்து குடியேறியவர்களும் ஆவர். இசைக்கருவி வாங்கப் பொருளில்லாத இளைஞர்கள், சுழலும் இசைத்தட்டையே கருவியாக்கிக் கொண்டு, அதன்மேல் தம் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். சந்தத்தில் சொல்லை ஓட விடுவது தமிழர்க்குப் புதிதன்று. ஆதலின் இக்கலையின் அடிப்படை நமக்கு எளிதில் விளங்கும்.

ராக் என்பது மின்கிதாரும் முரசும் முழங்கும் இசை. இவ்விரண்டையும் விரும்புவோர் நெடுங்காலம் தனித்தனிக் கூட்டத்தாராகவே இருந்தனர். 'ஏரோஸ்மித்' என்னும் ராக் குழுவினர் 1975-இல் பாடிய 'வாக் திஸ் வே' என்னும் பாட்டை, 1986-இல் 'ரன்-டி.எம்.சி.' என்னும் ராப் குழுவினர் அக்குழுவினரையும் சேர்த்துக்கொண்டு மீண்டும் பாடினர். அதற்கென எடுக்கப்பட்ட படத்தில் ஒரு காட்சி சுவையானது. இரு குழுவினரும் அடுத்தடுத்த அறைகளில் இருந்து பாடுகின்றனர். ஒருவர் ஒலி மற்றவர்க்கு இடைஞ்சலாக இருக்கின்றது. இறுதியில் இடைச்சுவர் உடைகின்றது. இரண்டு இசையும் ஒன்றாகின்றன. புகழ் மங்கியிருந்த ஏரோஸ்மித் குழு அப்பாட்டினால் புதுவாழ்வு பெற்றது. ராப் ராக் என்னும் இசை வகை உலகெங்கும் பரவுதற்கும் அப்பாட்டே பெருங்காரணமாயிற்று. நம் வீட்டுக் கூடத்துக்கும் உள்ளறைக்கும் இடையே உள்ள சுவரை எண்ணிப் பார்ப்பவர்க்கு அப்படம் ஒரு குறிப்பைத் தரும்.

தேர்வில் தவறிய சிறுவர்

எமினெம் என்பது புனைபெயர். இயற்பெயர் மார்ஷல் மாத்தர்ஸ். பெயரின் இரண்டு முதலெழுத்துகளும் 'எம்' ஆகையால் அவற்றைச் சேர்த்து அப்புனைபெயர் அமைந்தது. 1972-ஆம் ஆண்டு மிசூரி மாநிலத்தில் பிறந்தார். குழந்தையாக இருந்தபோதே தந்தை குடும்பத்தை விட்டு நீங்கினார். தாயும் மகனும் மிசூரிக்கும் டெட்ராய்ட் நகரத்துக்குமாக ஊர் மாறி ஊர் மாறி வாழ்ந்தனர். அடிக்கடிப் பள்ளி மாறிய பிள்ளையின் படிப்பு எவ்வாறு இருக்கும் என்பதை, மாற்றலாகி ஊர்விட்டு ஊர் செல்லும் இரயில்வேக் குடும்பத்தார்க்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் மூன்று முறை தவறினார். 17-ஆம் வயதில் பள்ளியை விட்டார். உணவு விடுதியில் சமையலறை வேலை செய்தார். ஆனால் சொல்லின்மீது மட்டும் தீராத பசி இருந்தது. அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு சொல் பயின்றவர் அவர்.

1996-இல் 'இன்ஃபினிட்' என்னும் முதல் தொகுதியை வெளியிட்டார். ஏறத்தாழ ஆயிரம் படிகளே விற்றன. 1997-இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தில் நடந்த ராப் போட்டியில் இரண்டாம் இடமே கிட்டியது. எனினும் அவ்வாண்டில் அவர் பதிவு செய்த ஒலிநாடா, புகழ்பெற்ற இசையமைப்பாளர் டாக்டர் டிரே என்பவர் கைக்குச் சென்று சேர்ந்தது. கருப்பின மக்களின் கலையாகிய ராப்பில் வெள்ளையர் ஒருவரைச் சேர்க்கலாமா என்று பிறர் தயங்கிய காலத்தில், அவர் தயங்கவில்லை. 1999-இல் வெளிவந்த தொகுதி பெரும் வெற்றி பெற்றது. 2000-இல் வெளிவந்த அடுத்த தொகுதி ஒரே வாரத்தில் 17 இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. 2003-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், '8 மைல்' என்னும் திரைப்படத்துக்காக அவர் பாடிய 'லூஸ் யுவர்செல்ஃப்' என்னும் பாட்டுக்கு ஆஸ்கர் பரிசு கிடைத்தது. ராப் பாட்டு ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை.

இவர் பாட்டுகளில் பல, குழந்தைகளுக்கு முன் ஒலிக்கத் தகாத சொற்களை உடையவை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பெண்களை இழிவாகப் பேசும் இடங்களும், வன்செயலை விளையாட்டாகக் கூறும் இடங்களும் அவற்றில் உண்டு. அதுபற்றி அவர் நாட்டிலேயே கடுங்கண்டனம் எழுந்தது. அக்கண்டனம் நேரியதே. ஆதலால் அவர் பாடிய அனைத்தையும் புகழ்வது என் கருத்தன்று. ஒருவர் எவ்வாறு வீழ்ந்தார், எவ்வாறு எழுந்தார், அந்த எழுச்சி எப்படிப் பாட்டாயிற்று என்பதே இங்கு நாம் காண வேண்டியது.

மாத்திரைகளால் வந்த வீழ்ச்சி

ஆஸ்கர் பரிசு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆவதற்குள்ளாகவே சரிவு தொடங்கிவிட்டது. உறக்கம் வராமைக்கு மாத்திரை, வலிக்கு மாத்திரை, மனக்கலக்கத்துக்கு மாத்திரை என்று தொடங்கிய பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. 2005-இல் ஐரோப்பிய இசைப் பயணத்தைக் கைவிட்டு மறுவாழ்வு இல்லம் ஒன்றில் சேர்ந்தார். அது நிலைக்கவில்லை. 2006-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், இளமை முதல் உடனிருந்து இக்கலையில் அவரை வளர்த்த உற்ற நண்பர் புரூஃப் என்பவர் டெட்ராய்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அத்துயரம் மாத்திரைகளின் எண்ணிக்கையை மேலும் பெருக்கிற்று. 2007-ஆம் ஆண்டு டிசம்பரில், மெதடோன் என்னும் மருந்தை அளவு மீறி உட்கொண்டு உணர்விழந்து வீழ்ந்தார். இன்னும் இரண்டு மணி நேரம் தாழ்த்திருந்தால் உயிர் பிரிந்திருக்கும் என்று மருத்துவர்கள் சொன்னதாக அவரே பின்னாளில் கூறினார். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் தம் பெண்மக்களோடு இருக்க அவரால் இயலவில்லை.

அவர் நடந்து வந்த வழியில் கருதத்தக்க பகுதி இனிமேல்தான் வருகின்றது. மருத்துவமனையிலிருந்து மீண்டவர் ஒரு திங்களுக்குள் மீண்டும் மாத்திரையை நாடினார். சாவின் வாயில்வரை சென்று திரும்பியதும் ஒருவன் திருந்திவிடுவான் என்று நாம் எண்ணுகிறோம். திரைப்படங்களில் அவ்வாறே நிகழும். வாழ்வில் பெரும்பாலும் அவ்வாறு நிகழ்வதில்லை. மறுபடியும் சிகிச்சைக்குச் சென்றார். 2008-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாளைத் தாம் போதையை முற்றும் விட்ட நாளாகக் கொண்டு, ஆண்டுதோறும் அந்நாளை எண்ணிப் போற்றி வருகின்றார். 2024-இல் அவ்வெண்ணிக்கை 16 ஆண்டுகளைத் தொட்டது.

அதற்குப் பின்னும் உடனே மேடை முழக்கம் வந்துவிடவில்லை. மருந்தினால் மந்தமான மூளை மீண்டும் செவ்வனே இயங்க நெடுநாள் ஆயிற்று. சொல்லடுக்கில் மன்னராக விளங்கியவர், சொல்லடுக்கும் வித்தையை மீண்டும் ஒரு மாணவனைப் போலப் பயின்றார். ஏறத்தாழ 230 பவுண்டு எடையாகப் பருத்திருந்த உடலோடு சிகிச்சையிலிருந்து வெளிவந்தவர், ஓடத் தொடங்கினார். காலையில் எட்டரை மைல், இரவில் எட்டரை மைல் என்று நாள்தோறும் ஓடியதாகச் சொல்லியிருக்கின்றார். எடை 149 பவுண்டு வரையில் குறைந்தது. ஓட்டமும் மிகையாகி இடுப்புத் தசை நோவு கண்டது என்பதையும் அவரே கூறுகின்றார்.

கை நீட்டிய பாட்டும் களம் புகுந்த பாட்டும்

2010-ஆம் ஆண்டு 'ரெக்கவரி', அதாவது 'மீட்சி', என்னும் தொகுதி வெளிவந்தது. அதில் முதலில் வெளியிடப்பட்ட பாட்டு 'நாட் அஃப்ரெய்ட்'. அஞ்சவில்லை என்பது பொருள். அமெரிக்கப் பாட்டு வரிசையில் வெளியான உடனே முதலிடம் பெற்று, மறு ஆண்டு கிராமி பரிசும் பெற்றது. 2014-இல் ஒரு கோடி அலகு விற்பனைக்குரிய வைரச் சான்றும் அதற்குக் கிடைத்தது. தமது முந்தைய தொகுதி அத்துணைச் சிறப்பாக அமையவில்லை என்று அந்தப் பாட்டுக்குள்ளேயே ஒப்புக்கொள்கின்றார். அதே துன்பத்தில் உழலும் பிறரை நோக்கி, 'வா, சேர்ந்து நடப்போம்' என்ற பொருளில் கை நீட்டுகின்றார். உலகெங்கும் போதையை விட முயலும் எளிய மனிதர் பலர் அப்பாட்டைப் பற்றிக்கொண்டதற்குக் காரணம் அந்த நீட்டிய கையே.

'சர்வைவல்' அதற்கு மூன்று ஆண்டுகள் பின்னர் வந்தது. இதன் போக்கு வேறு. டி.ஜே. கலீல் என்பவர் இசையமைத்தார். லிஸ் ரோட்ரிக்ஸ் என்னும் பெண்மணி பல்லவியைப் பாடினார். கிதார் உறுமுகின்றது, முரசு போர்ப்பறையாகின்றது, பெண்குரல் இது வாழ்வா சாவா என்னும் போட்டி என்று அறைகூவுகின்றது. அதன் நடுவே எமினெம் சொற்களைச் சரமாரியாகப் பொழிகின்றார். இளைத்துப் போனாலும் விடேன், என் காலம் முடிந்தது என்று சொன்னவர்கள் பார்க்க நிற்பேன், எடுத்த தொழிலில் இறுதிவரை போராடுவேன் என்பவையே அச்சொற்களின் சாரம். அது இடம்பெற்ற தொகுதி 2013 நவம்பரில் வெளிவந்து, முதல் வாரத்தில் மட்டும் 7 இலட்சத்து 90 ஆயிரம் படிகளுக்கு மேல் விற்றது. 2015-இல் சிறந்த ராப் தொகுதிக்கான கிராமி பரிசையும் பெற்றது.

'தகுதி மிக்கதே எஞ்சும்' என்னும் கருத்து அப்பாட்டின் பல்லவியில் அடிநாதமாக ஒலிக்கின்றது. அத்தொடரை 1864-இல் ஆக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்னும் ஆங்கில அறிஞர். உயிர்களின் தோற்ற வளர்ச்சியைக் குறித்து எழுந்த அத்தொடர், நாளடைவில் 'வலியவன் வாழ்வான், எளியவன் மாய்வான்' என்று மக்கள் வாழ்வுக்கும் ஏற்றிச் சொல்லப்பட்டது. 'சர்வைவல்' பாட்டைக் கேட்கும் இளைஞர் நெஞ்சிலும் அப்பொருளே பதியக் கூடும். நான் தனியன், எனக்கு எதிரே உலகம், வென்றால் நான், தோற்றால் இல்லை. கேட்பவர்க்கு நரம்பு முறுக்கேறுகின்றது. ஆனால் இப்பாட்டைப் பாடியவரின் வாழ்வே அதற்கு மாறாகச் சான்று பகர்கின்றது.

அவர் தனியாக எழவில்லை. உணர்விழந்து கிடந்தபோது மருத்துவமனைக்குக் கொண்டு சென்றவர்கள் இருந்தனர். வாரந்தோறும் உட்கார வைத்துப் பேசிய ஆலோசகர் ஒருவர் இருந்தார். பிரிட்டிஷ் இசைக்கலைஞர் எல்டன் ஜான் இருந்தார். அவரும் போதையில் உழன்று 1990-இல் அதனை விட்டவர். 2001-இல் கிராமி மேடையில் இருவரும் சேர்ந்து பாடியதுண்டு. எமினெம் தம் இடர்ப்பாட்டில் அவரை நாடினார். எல்டன் ஜானும் அடிக்கடித் தொலைபேசியில் பேசி நலம் கேட்டு வந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, வளர்க்க வேண்டிய பெண்மக்கள் இருந்தனர். 2010-இல் பிறர்க்குக் கை நீட்டிய பாட்டைப் பாடியவர், தாமும் பிறர் கையைப் பற்றி எழுந்தவரே. அதன் பின்னர்த்தான் 2013-இல் தனித்து நின்று களத்தில் முழங்க அவரால் இயன்றது. முழக்கத்தை மட்டும் கேட்பவர்க்கு அந்தக் கைகள் தெரிவதில்லை.

ஓர் இரயில் நிலையத்தின் கதை

'சர்வைவல்' வெளிவந்த அதே 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அவர் வளர்ந்த டெட்ராய்ட் மாநகரம் கடன் தீர்க்க இயலாது நொடித்துப் போனதாக நீதிமன்றத்தில் விண்ணப்பம் செய்துகொண்டது. மோட்டார்த் தொழிலின் தலைநகராய், தெற்கிலிருந்தும் மலைப்பகுதிகளிலிருந்தும் பிழைப்பு நாடி வந்த மக்களால் பெருகிய ஊர் அது. 1950-இல் ஏறத்தாழ பதினெட்டரை இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். 2010-இல் ஏழு இலட்சத்துச் சொச்சமே எஞ்சினர்.

அவ்வூரில் 'மிச்சிகன் சென்ட்ரல்' என்னும் இரயில் நிலையம் உண்டு. இரயில்வேயில் எழுதுகோல் பிடிப்பவனாகிய எனக்கு அதன் கதையில் தனிப்பற்று. 1913-இல் திறக்கப்பட்ட அந்நிலையம், 18 மாடிக் கட்டடத்தோடும் உயர்ந்த வளைகூரையோடும் விளங்கியது. வேலை தேடி வந்த எத்தனையோ குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு முதன்முதலாக இறங்கிய இடம் அது. 1988-ஆம் ஆண்டு சனவரியில் கடைசி வண்டி புறப்பட்டுச் சென்றது. பின்னர் முப்பது ஆண்டுகள் பாழ். கண்ணாடிகள் உடைந்தன, செம்பும் பளிங்கும் களவு போயின, அடித்தளத்தில் நீர் தேங்கிற்று. அழிந்த நகரத்துக்கு அடையாளமாக அதன் படத்தையே எங்கும் அச்சிட்டனர். எமினெம் 2009-இல் 'பியூட்டிஃபுல்' என்னும் பாட்டுக்காக எடுத்த படத்தில் அந்தப் பாழ்மண்டபத்தில்தான் நடந்து செல்கின்றார். அப்பாட்டின் ஒரு பகுதி, அவர் 2005-இல் மறுவாழ்வு இல்லத்தில் இருந்தபோது எழுதியது.

2018-இல் ஃபோர்டு மோட்டார் நிறுவனம் அந்நிலையத்தை வாங்கிற்று. அச்செய்தி பரவிய சில நாட்களில் ஒரு விந்தை நிகழ்ந்தது. பல ஆண்டுகளுக்கு முன் அந்நிலையத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட கடிகாரத்தை, தம்மை இன்னார் என்று வெளிப்படுத்திக் கொள்ளாத ஒருவர் திருப்பித் தந்துவிட்டார். நிலையம் மீளும் என்று நம்பிக்கை வந்ததும், களவு போன பொருளும் வீடு தேடி வருகின்றது! பின்னர் ஆறு ஆண்டுகள் பழுது பார்த்தனர். முதலில் செய்த வேலை அலங்கார வேலையன்று. தேங்கிய நீரை இறைத்துச் சுவர்களை உலரவிட்டதே. சுவர் உலர்வதற்குக் காலம் வேண்டும். அதனை விரைவுபடுத்தினால் மேற்பூச்சு நில்லாது. 2024-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் நிலையம் திறக்கப்பட்டது. இப்பொழுது அங்கு வண்டி வருவதில்லை. புதுத் தொழில்களுக்குரிய இடமாக அது மாறியுள்ளது. திறப்பு விழா இசையரங்கின் அமைப்பாளருள் ஒருவராக இருந்து, இறுதியில் மேடையேறிப் பாடியவர் எமினெம். முன்பு பாழ்மண்டபத்தில் நடந்தவர், இப்பொழுது அதே மண்டபத்துக்கு முன்னே நின்று பாடினார்.

பின்னிருந்து தள்ளும் எஞ்சின்

இக்கதையின் பொருளை விளக்க நம் அருகிலேயே ஓர் உவமை இருக்கின்றது. மும்பையிலிருந்து புனே வழியாகச் சென்னைக்குப் போகும் நம்மவர் அனைவரும் கர்ஜத் நிலையத்தை அறிவர். வண்டி நிற்பதற்கு முன்பே வடாபாவ் வாங்கச் சிறுவர்கள் வாயிலில் நெருக்கியடிப்பார்கள். அங்கு வண்டி நிற்பது வடாபாவுக்காக அன்று. அதற்கப்பால் லோணாவளா வரையில் போர்காட் மலையேற்றம். முப்பத்தேழு அடி செல்வதற்குள் ஓரடி உயரும் செங்குத்தான பாதை. எவ்வளவு வலிய எஞ்சினாயினும் முழு நீள வண்டியை அங்குத் தனியே இழுத்தேறுவது அரிது. ஆகவே கர்ஜத்தில் பல வண்டிகளின் பின்புறம் வேறு எஞ்சின்களைச் சேர்ப்பார்கள். அவற்றைப் 'பேங்கர்' என்பது எங்கள் வழக்கு. முன் எஞ்சின் இழுக்கும். பேங்கர் பின்னிருந்து தள்ளும். மலை ஏறியதும் பேங்கரைக் கழற்றிவிடுவார்கள். அது அடுத்த வண்டிக்கு உதவக் கீழே திரும்பிவிடும்.

முன் எஞ்சினுக்குப் பேர் உண்டு, விளக்கு உண்டு, ஊதல் உண்டு. பேங்கரை வண்டியில் இருப்பவருள் பலர் பார்த்ததே இல்லை. 'சர்வைவல்' என்னும் பாட்டு முன் எஞ்சினின் ஊதல். அது வேண்டியதுதான், தானே இழுக்க முனையாத எஞ்சினைப் பின்னிருந்து தள்ளி மலையேற்றிவிட இயலாது. எமினெம் ஓடிய எட்டரை மைலை அவருக்குப் பதிலாக எவரும் ஓடியிருக்க முடியாது. ஆனால் அந்த ஊதலை மட்டும் நம்பி மலையேறப் புறப்படும் இளைஞர், பாதி வழியில் நின்றுவிட்டால், 'எனக்குத் தகுதி இல்லை' என்று தம்மையே இழித்துக்கொள்வார். குறை தகுதியில் இல்லை. பேங்கர் சேர்க்கப்படவில்லை என்பதே உண்மை.

நம் வீடுகளில்

எங்கள் குடியிருப்பில் ஓர் இளைஞர். பத்தொன்பது வயது. நுழைவுத் தேர்வில் இரண்டாம் முறையும் தவறினார். மாலையில் மொட்டை மாடியில் இப்பாட்டைக் கேட்டவாறே நடந்துகொண்டிருப்பார். அவ்வாண்டு ஊரில் அவருடைய அத்தை மகள் திருமணம். விடுப்பு கிடைத்தது, பயணச்சீட்டும் உறுதியாயிற்று. கடைசி நாளில் அவருடைய தந்தையார் பயணத்தையே நிறுத்திவிட்டார். "போனால் எல்லாரும் பையனைப் பற்றிக் கேட்பார்களே, என்னப்பா சொல்வது?" என்று என்னிடம் வருந்தினார். அவர் பிள்ளையை அடித்ததில்லை; ஏசியதும் இல்லை. ஆனால் அந்த நிறுத்தப்பட்ட பயணம் பிள்ளையின் நெஞ்சில் எதைச் சொல்லியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஒருநாள் அவ்விளைஞரிடம், "தம்பி, இந்தப் பாட்டில் உனக்கு என்ன பிடித்திருக்கிறது?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "இதில் யாரும் என்னைப் பார்த்து 'அடுத்து என்ன' என்று கேட்பதில்லை அண்ணா" என்றார். அவ்விடையை நான் அவருடைய தந்தையாரிடம் அப்படியே சொன்னேன். அவர் ஒன்றும் மறுமொழி கூறவில்லை. ஆனால் அன்றிரவு அவரும் மொட்டை மாடிக்குப் போனார். அடுத்த ஆண்டுச் சித்திரைத் திருவிழாவுக்கு அக்குடும்பம் நால்வருமாக ஊருக்குப் போய் வந்தது. மூன்றாம் முறை எழுதிய தேர்வின் முடிவு அப்பொழுது வெளிவரவில்லை. முடிவு வருவதற்கு முன்னரே அவர்கள் போய் வந்தார்கள் என்பதைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன்.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இதில் தனியான இடர் ஒன்று உண்டு. ஊரில் ஒரு பிள்ளை தவறினால் தட்டிக்கொடுக்கத் தாத்தா இருப்பார். அழைத்துச் சென்று சோறிடச் சித்தி இருப்பார். ஒரு வீட்டில் முகம் வாடினால் மற்றொரு வீட்டில் போய் இருக்கலாம். இங்கு நான்கு சுவரும் நான்கு பேரும்தான். அந்நால்வரும் ஊராரின் கேள்விக்கு அஞ்சி வாய்மூடிவிட்டால், பிள்ளைக்கு எஞ்சுவது காதுக்கருவி ஒன்றே. தோல்வியையும், வேலை இழப்பையும், குடி அல்லது மாத்திரைப் பழக்கத்தையும் மறைத்து வைக்கும் குடும்பம், தன் வண்டிக்குச் சேர வேண்டிய பேங்கரைத் தானே தடுத்துவிடுகின்றது.

திருக்குறளில் 'ஊக்கம் உடைமை', 'மடி இன்மை', 'ஆள்வினை உடைமை', 'இடுக்கண் அழியாமை' என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. எழுவதற்கு வேண்டிய அகத்திறம் அவற்றில் உண்டு. நம் சங்கத்துப் போட்டிகளில் பிள்ளைகள் அவற்றை மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசு பெறுகிறார்கள். அவர்களே தவறி விழுந்த நாளில் அவற்றைப் பொருளோடு எடுத்துச் சொல்ல ஒருவர் அருகில் இருந்தாரா என்பதே கேள்வி.

ஆதலால் அன்பர்களே, செய்யத்தக்கவை சில உண்டு. பிள்ளை கேட்கும் பாட்டை ஒருமுறை உடனிருந்து கேளுங்கள். தகாத சொல் இருந்தால் அதனைச் சொல்லுங்கள். நல்லது இருந்தால் அதனையும் சொல்லுங்கள். தவறிய பிள்ளையைத் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் அழைத்துச் செல்லுங்கள்; உறவினர் கேட்டால், "மறுபடியும் எழுதுகிறான்" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். ஒருமுறை திருந்தியவர் மறுபடி வழுக்கினால், எல்லாம் போயிற்று என்று கைவிடாதீர்கள். எமினெமும் ஒரு திங்களுக்குள் வழுக்கி, மறுபடி எழுந்தவரே. மனக்கலக்கம் மிகுந்தால் 14416 என்னும் எண்ணில் 'டெலி மானஸ்' என்னும் அரசுச் சேவையை நாடலாம். அங்குத் தமிழிலும் பேசலாம். போதைப் பழக்கத்துக்கு 14446 என்னும் தேசிய உதவி எண் உண்டு. இவற்றை நாடுவது இழுக்கன்று. கர்ஜத்தில் பேங்கர் சேர்ப்பதை எந்த ஓட்டுநரும் இழுக்கென்று கருதுவதில்லை.

வீழ்ந்தவர் எழும்போது உலகம் அவர் முழக்கத்தைக் கேட்டுக் கைதட்டுகின்றது. அந்தக் கைதட்டல் பின்னாளில் வரும், வராமலும் போகலாம். அதற்கு முன்னே, எவரும் பாராத நாட்களில், பக்கத்தில் நிற்பதற்கு ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக இருக்கும் பேறு பெற்றோர்க்கு மட்டும் உரியதன்று. அண்டை வீட்டார்க்கும் உண்டு, அலுவலக நண்பர்க்கும் உண்டு, நம் சங்கத்துக்கும் உண்டு.